கிகாஹெர்ட்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஆம்பியர்

2011 ஜனவரியில் இன்டெல் வெளியிட்ட கோர் ஐ5-2500கே செயலிக்கு ஓவர்கிளாக்கிங் வரலாற்றில் தனி இடம் உண்டு. நான்கு கோர்கள், 3.3 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம், டர்போவில் 3.7. அறிமுக விலை 216 டாலர். நடுத்தர விலைக் காற்றுக் கூலர் ஒன்றை மாட்டி, 4.4, 4.5 கிகாஹெர்ட்ஸில் அதை ஆண்டுக்கணக்காக ஓட்டியவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அந்தச் செயலிகளில் பல இன்றும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. அவற்றைத் தாங்கிய மதர்போர்டுகளுக்குத்தான் ஒவ்வொன்றாக ஆயுள் முடிகிறது. இதில் வியப்பில்லை. செயலி என்பது உலோக மூடிக்குள் அடைபட்ட ஒற்றைச் சிலிக்கான் துண்டு. மதர்போர்டிலோ சூடேறி ஆறும் மாஸ்ஃபெட்டுகள், மெல்ல முதுமையடையும் மின்தேக்கிகள், செருகிச் செருகித் தளரும் இணைப்பான்கள், ஆயிரக்கணக்கான சாலிடர் புள்ளிகள் என்று எத்தனையோ இருக்கின்றன. ஏதாவது ஒன்று போனாலும் பலகை முழுவதும் படுத்துவிடும். அப்போது கையில் மிஞ்சுவது நல்ல செயலி, நல்ல நினைவகம், நல்ல கூலர். இல்லாதது பலகை மட்டும். இந்தச் செயலி பொருந்தும் எல்ஜிஏ1155 சாக்கெட்டுக்கு இன்டெல் புதிய சிப்செட் வெளியிட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பழைய கையிருப்பிலும், பிறர் கழற்றி விற்பவற்றிலும்தான் தேட வேண்டும்.

அப்படித் தேடும்போது பெரும்பாலோர் பார்ப்பது நான்கு: சிப்செட்டின் பெயர், தயாரிப்பாளரின் பெயர், விலை, அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ஃபேஸ் எண்ணிக்கை. இவற்றில் சிப்செட் பெயர் அவசியமான தகவல். மற்ற மூன்றும் அரைகுறைத் தகவல்கள். இந்தத் தலைமுறையில் வேகத்தை உண்டாக்குவது மதர்போர்டு அன்று. அது செய்யும் முதன்மையான வேலை, செயலி கேட்கும் மின்னோட்டத்தைக் கேட்ட நொடியில், கேட்ட மின்னழுத்தத்தில், தானும் கருகாமல் கொடுப்பது. ஆகவே ஓவர்கிளாக்கிங்குக்கான மாற்று மதர்போர்டைத் தேர்ந்தெடுப்பவர் அதை ஒரு மின்வழங்கியாக எடைபோட வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

மதர்போர்டுதான் வேகத்தைத் தருகிறது என்ற நம்பிக்கை ஆதாரமில்லாமல் வந்ததல்ல. 2500கே வருவதற்கு நான்கைந்து ஆண்டுகள் முன்பு அது உண்மையாகவே இருந்தது. 2007இல் வந்த கோர் 2 குவாட் க்யூ6600 செயலியின் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது 266 மெகாஹெர்ட்ஸ் முன்பக்கப் பாட்டைத் (எஃப்எஸ்பி) துடிப்பை 9ஆல் பெருக்கி வந்தது. இந்தப் பெருக்கெண்ணை 9க்கு மேல் ஏற்ற முடியாது. வேகம் வேண்டுமானால் துடிப்பையே 333க்கோ 400க்கோ உயர்த்த வேண்டும், அப்போது 3.0, 3.6 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும். ஆனால் அந்தத் துடிப்பு செயலியோடு நிற்பதில்லை. மதர்போர்டில் இருந்த நார்த்பிரிட்ஜ் என்ற சில்லும், அதற்குள் இருந்த நினைவகக் கட்டுப்பாட்டகமும், அவற்றை இணைக்கும் செம்புத் தடங்களும் அதே வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். செயலி 3.6ஐத் தாங்கும், பலகை 400ஐத் தாங்காது என்ற நிலை சாதாரணம். எனவே எந்தப் பலகை எவ்வளவு துடிப்பைத் தாங்கும் என்பதே அன்றைய கேள்வி. நல்ல பலகைக்கு அதிக விலை கொடுத்தவருக்கு அதிக வேகமும் கிடைத்தது.

2500கே பிறந்த சாண்டி பிரிட்ஜ் குடும்பத்தில் இந்த அமைப்பு மாறிவிட்டது. நினைவகக் கட்டுப்பாட்டகம் செயலிக்குள் இருக்கிறது. நார்த்பிரிட்ஜ் என்ற தனிச் சில்லு இல்லை. அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். அதை உண்டாக்கும் சுற்று சிப்செட்டுக்குள் போய்விட்டது. பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா, யுஎஸ்பி எல்லாமே அதே துடிப்போடு பிணைக்கப்பட்டன. துடிப்பை ஐந்து சதவீதம் உயர்த்தினாலே இவற்றில் ஏதாவது ஒன்று முரண்டு பிடிக்கத் தொடங்கும். ஆகவே வேகம் ஏற்ற உருப்படியான ஒரே வழி பெருக்கெண். பெயரின் இறுதியில் ‘கே’ உள்ள செயலிகளில் அதை 57 வரை ஏற்றலாம். 33ஐ 45 ஆக்கினால் 4.5 கிகாஹெர்ட்ஸ். இந்த மாற்றம் செயலிக்குள்ளேயே நடக்கிறது. மதர்போர்டின் தடங்களில் எந்தச் சமிக்ஞையும் முன்பைவிட வேகமாக ஓடுவதில்லை. எந்தப் பலகையாக இருந்தாலும் 45 என்ற எண் 45தான். அந்த எண்ணை எழுத அனுமதி இருக்கிறதா, எழுதிய பின் செயலி கேட்கும் மின்சாரம் வருகிறதா என்ற இரண்டு கேள்விகளே மிஞ்சுகின்றன.

முதல் கேள்விக்குச் சிப்செட் பதில் சொல்கிறது. எச்61, எச்67, பி75, எச்77 ஆகியவற்றில் பெருக்கெண்ணுக்குப் பூட்டு. அவற்றில் 2500கே பொருந்தும், ஓடும். ஆனால் பெட்டியில் எழுதிய வேகத்தில்தான். பூட்டில்லாதவை பி67, இசட்68, இசட்77 ஆகிய மூன்றும், அவ்வளவாகக் காணக் கிடைக்காத இசட்75உம். பி67இல் செயலியின் உள்கிராஃபிக்ஸைப் பயன்படுத்த முடியாது; தனி கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும். அந்தக் குறையை 2011 மே மாதம் வந்த இசட்68 நீக்கியது. 2012இல் வந்த இசட்77 சிப்செட்டிலேயே யுஎஸ்பி 3.0 இருக்கிறது, அடுத்த தலைமுறை ஐவி பிரிட்ஜ் செயலியையும் பயாஸ் மாற்றாமல் ஏற்கும். பி67 பலகையில் ஐவி பிரிட்ஜைப் பொருத்த வேண்டுமானால் பயாஸை முதலில் புதுப்பிக்க வேண்டும். அந்தப் புதுப்பிப்பு எல்லாப் பலகைகளுக்கும் வரவில்லை. நாளை ஐ5-3570கே போன்ற ஒன்று மலிவாகக் கிடைத்தால் மாட்டிக்கொள்ள வழி இருக்கும் என்பதால் இசட்77க்கே என் முதல் வாக்கு. ஆனால் இவற்றுக்கிடையே 2500கேயின் வேக உச்சத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. பலவீனமான இசட்77 பலகையைவிட உறுதியான பி67 பலகை மேல்.

பி67 என்றதும் ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் தன் 6-வரிசை சிப்செட்டுகளில் வடிவமைப்புப் பிழை இருப்பதாக அறிவித்தது. 3 கிகாபிட் சாட்டா முனைகளுக்குத் துடிப்பு வழங்கும் சுற்றில் இருந்த ஒரு டிரான்சிஸ்டர் காலப்போக்கில் நலிந்து, அந்த நான்கு முனைகளும் தடுமாறக்கூடும். 6 கிகாபிட் முனைகள் இரண்டுக்கும் பாதிப்பில்லை. திரும்பப் பெறவும் மாற்றித் தரவும் ஆகும் செலவை இன்டெல் 70 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. பிழையுள்ள சில்லு பி2, திருத்தியது பி3. அன்று கடைக்குத் திரும்பாத பி2 பலகைகள் இன்னும் புழக்கத்தில் இருக்கக்கூடும். பெட்டியிலோ பலகையின் மாதிரிப் பெயரிலோ பி3 என்ற குறி இருக்கிறதா என்று பார்க்கலாம். ஓடும் நிலையில் இருந்தால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் காட்டிவிடும். ஓவர்கிளாக்கிங்குக்கும் இந்தப் பிழைக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் தரவு வட்டு திடீரென மறையும்போது பழி ஓவர்கிளாக்கிங் மீதுதான் விழும். காரணம் தெரியாமல் வாரக்கணக்கில் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்க நேரும்.

இரண்டாவது கேள்விக்கு இயற்பியல் பதில் சொல்கிறது. டிரான்சிஸ்டர்கள் திறந்து மூடுவதால் செலவாகும் திறன், துடிப்பு எண்ணுக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருபடிக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். 3.3இலிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் துடிப்பு 1.36 மடங்கு. அந்த வேகத்தில் பிழையில்லாமல் ஓட மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டும், 1.2 வோல்ட் 1.35 ஆனதாக வைத்துக்கொள்வோம். அது 1.125 மடங்கு, அதன் இருபடி 1.27. இரண்டையும் பெருக்கினால் 1.73. வேகம் 36 சதவீதம் கூடியதற்குத் திறன் 73 சதவீதம் கூடுகிறது. 2500கேயின் வெப்ப வடிவமைப்பு அளவான 95 வாட்டை அடிப்படையாகக் கொண்டால் இது 164 வாட். சாதாரண வேலையில் செயலி 95ஐத் தொடாது, அதனால் இந்தக் கணக்கு மிகை என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் பலகை தாங்க வேண்டியது சராசரியை அன்று, உச்சத்தை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: சூடு ஏற ஏற டிரான்சிஸ்டர்களின் கசிவு மின்னோட்டமும் ஏறும், அதை இந்தக் கணக்கு விட்டுவிட்டது. 164 வாட்டை 1.35 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 121 ஆம்பியர். முதலில் இருந்தது 79. வீட்டில் ஏசிக்குப் போடும் பிளக் 16 ஆம்பியருக்கானது. அதைப்போல ஏழு மடங்குக்கு மேலான மின்னோட்டம், உள்ளங்கைக்குள் அடங்கும் பரப்பில், கோர்கள் விழித்துக்கொள்ளும் மைக்ரோவினாடிகளுக்குள் ஏறி இறங்க வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது செயலி சாக்கெட்டைச் சுற்றி வரிசைகட்டி நிற்கும் மின்னழுத்தச் சீராக்கி. விஆர்எம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மின்வழங்கிப் பெட்டியிலிருந்து வருவது 12 வோல்ட். செயலிக்கு வேண்டியது 1.35. மேல் மாஸ்ஃபெட் ஒரு கணம் திறந்து 12 வோல்ட்டை சோக் என்ற மின்தூண்டிக்குள் விடும். பிறகு அது மூடி, கீழ் மாஸ்ஃபெட் திறந்து மின்னோட்டம் தொடர வழிவிடும். நொடிக்குச் சில லட்சம் முறை இது நடக்கிறது. சோக்கும் மின்தேக்கிகளும் இந்தத் துண்டுதுண்டான ஓட்டத்தைச் சமன்செய்கின்றன. 1.35ஐ 12ஆல் வகுத்தால் 11 சதவீதம். மேல் மாஸ்ஃபெட் வேலைசெய்வது அவ்வளவு நேரம்தான். மீதி 89 சதவீத நேரம் சுமை கீழ் மாஸ்ஃபெட்டின் மேல். அதனால்தான் பல பலகைகளில் மேலே ஒன்று, கீழே இரண்டு என்று மாஸ்ஃபெட்டுகளை வைத்திருப்பார்கள். இப்படி ஒரு தொகுதிதான் ஒரு ஃபேஸ். பல ஃபேஸ்கள் மாறி மாறி வேலைசெய்யும்போது அலைவு குறைகிறது, சுமையும் பங்கிடப்படுகிறது.

சுமையைப் பங்கிடுவதன் பலன் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. தடையில் வீணாகும் திறன் மின்னோட்டத்தின் இருபடியைப் பொறுத்தது. ஒரு ஃபேஸின் தடை 3 மில்லிஓம் என்று கொள்வோம். 120 ஆம்பியரை 4 ஃபேஸ்கள் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் 30 ஆம்பியர், ஒவ்வொன்றிலும் 2.7 வாட் வெப்பம்; மொத்தம் 10.8. 8 ஃபேஸ்கள் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் 15 ஆம்பியர், ஒவ்வொன்றிலும் 0.7 வாட்டுக்குக் கீழ், மொத்தம் 5.4. மொத்த வெப்பம் பாதியாகிறது. ஒவ்வொரு ஃபேஸும் சுமக்கும் வெப்பம் கால்பங்காகிறது. மாஸ்ஃபெட்டுக்கு முக்கியம் இந்த இரண்டாவது எண். சூடாக ஆக அதன் தடையும் ஏறும். 25 டிகிரியில் இருந்ததைவிட 100 டிகிரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். தடை கூடினால் வெப்பம் கூடும், வெப்பம் கூடினால் தடை கூடும். 4 ஃபேஸ் பலகை இந்தச் சுழலின் விளிம்பில் நிற்கும் நேரத்தில் 8 ஃபேஸ் பலகை நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் பெட்டியில் அதிக எண்ணிக்கை போட்டிருப்பதை வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் கவனம் தேவை. அந்தக் காலப் பலகைகளின் விளம்பரத்தில் 12, 16, 24 என்ற எண்கள் சகஜம். ஜிகாபைட்டின் இசட்77எக்ஸ்-யுபி7 பலகை 32 ஃபேஸ் என்றே விளம்பரம் செய்யப்பட்டது. விஆர்எம்மை நடத்தும் கட்டுப்பாட்டுச் சில்லுகளோ பெரும்பாலும் ஆறு, எட்டு சமிக்ஞைகளைத்தான் தனித்தனியாக இயக்கக்கூடியவை. மீதி எண்ணிக்கை, ஒரு சமிக்ஞையை இரட்டிக்கும் துணைச்சில்லுகளால் வருவது, அல்லது ஒரே சமிக்ஞையில் இரண்டு சோக்குகளைப் பக்கம்பக்கமாக மாட்டியதால் வருவது. இது ஏமாற்று என்று ஒதுக்கிவிடக் கூடாது. இரட்டித்தாலும் சுமை பங்கிடப்படுவது உண்மை. மேலே பார்த்த வெப்பக் கணக்கு அப்படியே பொருந்தும். ஆனால் 16 என்பது 8ஐவிட இரு மடங்கு துல்லியமான மின்னழுத்தம் தரும் என்று எண்ண இடமில்லை. அதோடு, தரமான மாஸ்ஃபெட் உள்ள 6 ஃபேஸ், அதிகத் தடையுள்ள மலிவு மாஸ்ஃபெட்டால் ஆன 10 ஃபேஸைத் தோற்கடிக்கும். கணக்கில் தடையும் இருந்ததை நினைவில் வைக்க வேண்டும். சாக்கெட்டைச் சுற்றியுள்ள சோக்குகளை எண்ணுவதும் போதாது. அவற்றில் சில உள்கிராஃபிக்ஸுக்கும், செயலியின் நினைவகப் பகுதிக்கும், ராமுக்கும் மின்சாரம் தருபவை. ஹீட்சிங்கைக் கழற்றி, கட்டுப்பாட்டுச் சில்லு எது, மாஸ்ஃபெட் எது என்று படத்தோடு எழுதிய விமர்சனங்கள் இந்தத் தலைமுறைப் பலகைகளுக்கு நிறையவே இருக்கின்றன. ஓவர்கிளாக்கிங் வேகப் பட்டியல் மட்டும் உள்ள விமர்சனத்தைவிட அவை பத்து மடங்கு பயனுள்ளவை.

ஹீட்சிங்க் இல்லாத மாஸ்ஃபெட் வரிசையோடு வரும் இசட்77 பலகைகளும் உண்டு. சிப்செட் பூட்டைத் திறந்துவிட்டது என்பதற்காக அவற்றை நம்பி 4.5க்குப் போனால், மாஸ்ஃபெட்டுகள் சூடேறியதும் சில பலகைகள் செயலியின் பெருக்கெண்ணைச் சத்தமில்லாமல் 16க்கு இறக்கிவிடும். கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து பார்க்காதவர் 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதாக நினைத்துக்கொண்டே 1.6இல் வேலைசெய்துகொண்டிருப்பார். அப்படி இறக்காத பலகைகளின் கதை இன்னும் மோசம். இங்கே தமிழ்நாட்டு வாசகர் கவனிக்க வேண்டிய ஒரு விவரமும் இருக்கிறது. விமர்சகர்கள் சோதிப்பது பெரும்பாலும் 22, 25 டிகிரி அறைகளில். மே மாதத்தில் ஏசி இல்லாத நம் அறையில் 37 டிகிரி இருந்தால், விமர்சனத்தில் 85 டிகிரி காட்டிய மாஸ்ஃபெட் இங்கே 100ஐ நெருங்கும். திரவக் கூலர் வாங்கினால் எல்லாம் தீரும் என்பதும் சரியல்ல. காற்றுக் கூலரின் விசிறி, செயலியோடு சேர்த்து விஆர்எம்மின் மேலும் காற்றை வீசுகிறது. திரவக் கூலரில் விசிறி பெட்டியின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. செயலி குளிர்ந்து, விஆர்எம் முன்பைவிடச் சூடாகும். அப்போது சாக்கெட் பக்கம் தனியாக ஒரு சிறு விசிறி வைப்பது நல்லது.

மின்சாரம் உள்ளே வரும் வாயிலையும் பார்க்க வேண்டும். 164 வாட்டோடு விஆர்எம்மின் சொந்த இழப்பையும் சேர்த்து 180 வாட் என்று கொண்டால், 12 வோல்ட்டில் அது 15 ஆம்பியர். சாக்கெட் அருகே 4 முனை இணைப்பான் மட்டும் உள்ள பலகையில் 12 வோல்ட் கம்பிகள் இரண்டுதான். ஒவ்வொரு தொடுமுனையிலும் 7.5 ஆம்பியர். 8 முனை இணைப்பானில் கம்பிகள் நான்கு, ஒவ்வொன்றிலும் 3.75. தொடுமுனையில் பிறக்கும் வெப்பம் இருபடிக் கணக்குப்படி கால்பங்காகிவிடும். பழைய பலகையில் தொடுமுனைகள் கொஞ்சம் கறுத்துத் தளர்ந்திருக்கும் என்பதால் இந்த வேறுபாடு ஏட்டுக் கணக்கோடு நிற்பதில்லை. பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கும் இணைப்பானைப் படத்தில் பார்த்தால் அந்தப் பலகையை விட்டுவிடலாம்.

முதுமை என்றதும் மின்தேக்கிகள் நினைவுக்கு வரும். நீர்ம மின்பகுபொருள் உள்ள மின்தேக்கியின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி குறையும்தோறும் இரட்டிக்கும் என்பது பொறியாளர்களின் நடைமுறை விதி. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறித்தது 65 டிகிரியில் 32,000 மணி நேரம் தாங்கும். நாள் முழுவதும் ஓடினால் மூன்றே முக்கால் ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். பாலிமர் உள்ள திட மின்தேக்கியில் 20 டிகிரி குறைந்தால் ஆயுள் பத்து மடங்காகும். 5,000 மணி நேரம் என்று குறித்தது 65 டிகிரியில் 5 லட்சம் மணி நேரத்தைத் தொடும். பத்து ஆண்டு கடந்த பலகையை வாங்கலாமா என்ற நியாயமான அச்சத்துக்கு இதுவே பதில். செயலியின் விஆர்எம்மில் திட மின்தேக்கிகள் மட்டுமே இருந்தால், முந்தைய உரிமையாளர் அதை மோசமாகச் சுடவைத்திருக்காவிட்டால், வயது பெரிய தடையில்லை. மலிவுப் பலகைகளில் விஆர்எம்மில் மட்டும் திடவகையை வைத்து ஒலிப்பகுதி போன்ற ஓரங்களில் நீர்மவகையை வைத்திருப்பார்கள். அங்கே தலை உப்பியிருந்தால், மற்ற பாகங்களும் சூட்டில் வாழ்ந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இதுவரை சொன்னவை வன்பொருள். அதே வன்பொருளை பயாஸ் நன்றாகவும் நடத்தலாம், மோசமாகவும் நடத்தலாம். மின்னோட்டம் ஏறினால் மின்னழுத்தம் சற்று இறங்குவது இயல்பு. பாதையின் மொத்தத் தடை 1 மில்லிஓம் என்றால் 100 ஆம்பியருக்கு 0.1 வோல்ட் இறங்கும். இதைக் குறையாக நினைத்து, லோட்-லைன் கேலிப்ரேஷன் என்ற அமைப்பை உச்சத்தில் வைத்து இறக்கத்தை அறவே ஒழிக்கும் பலகைதான் சிறந்தது என்று சொல்பவர்கள் உண்டு. இந்த எண்ணம் ஆபத்தானது. இன்டெல்லின் வரையறை அந்த இறக்கத்தை வேண்டுமென்றே அனுமதிக்கிறது. சுமை திடீரென விலகும் கணத்தில் சோக்குகளில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் உடனே நிற்காது. அது மின்தேக்கிகளில் கொட்டி, மின்னழுத்தத்தைக் கணநேரம் மேலே தூக்கும். சுமையின்போது மின்னழுத்தம் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் இந்த எழுச்சி வரம்புக்குள் அடங்கும். இறக்கத்தை ஒழித்துவிட்டால் எழுச்சி வரம்பைத் தாண்டும். மென்பொருள் காட்டும் எண்ணில் அது தெரியவே தெரியாது. ஆகவே தேட வேண்டியது, இந்த அமைப்பைப் பல படிகளாகத் தரும் பயாஸ். பயன்படுத்த வேண்டியது நடுப்படி.

மின்னழுத்தத்தை நிலையான ஓர் எண்ணாக மட்டும் வைக்க முடியுமா, அல்லது செயலி கேட்பதன்மேல் இவ்வளவு கூட்டு என்று ‘ஆஃப்செட்’ முறையிலும் வைக்க முடியுமா என்பது அடுத்தது. ஆஃப்செட் முறையில், வேலையில்லாதபோது செயலி 1.6 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கினால் மின்னழுத்தமும் கூடவே இறங்கும். நாளில் பெரும்பகுதி கணினி சும்மா இருக்கும் என்பதால், செயலியின் ஆயுளுக்கு இதைவிட எளிய பாதுகாப்பு கிடையாது. 47, 48 பெருக்கெண்ணுக்கு மேல் போக நினைப்பவருக்கு உள்பிஎல்எல் மின்னழுத்தத்தை உயர்த்தும் ஓர் அமைப்பு தேவைப்படும். அதை இயக்கினால் கணினி உறக்க நிலையிலிருந்து எழ மறுப்பது உண்டு. அந்த வேகங்கள் கேட்கும் கூடுதல் மின்னழுத்தத்தைப் பார்க்கும்போது, 45இல் நிற்பதே அறிவு என்பது என் முடிவு. தவறான அமைப்பால் கணினி எழாமல் போனால் மீட்க இரண்டாவது பயாஸ் சில்லு இருப்பது பெரிய ஆறுதல். புதிய பயாஸ் கோப்பு தயாரிப்பாளரின் தளத்தில் இன்னும் கிடைக்கிறதா என்று பலகை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

விலை உயர்ந்த பலகை வாங்கினால் இன்னும் 200, 300 மெகாஹெர்ட்ஸ் கிடைக்காதா? காற்றிலும் சாதாரண திரவக் கூலரிலும் பெரும்பாலும் கிடைக்காது. ஒரே ஆலையில் பிறந்த இரண்டு 2500கேக்களில் ஒன்று 1.3 வோல்ட்டில் 4.6 போகும், மற்றொன்று 1.4 கொடுத்தாலும் 4.4இல் திணறும். அந்த வேறுபாடு சிலிக்கானில் இருக்கிறது. விஆர்எம் செயலிக்கு வேண்டியதைத் தயங்காமல் கொடுக்கும் நிலையை எட்டியபின், அதற்கு மேல் சேர்க்கும் ஃபேஸ்கள் சிலிக்கானின் எல்லையை நகர்த்துவதில்லை. திரவ நைட்ரஜன் ஊற்றி 5.5க்கு மேல் விரட்டுபவர்களுக்காகக் கட்டிய பலகைகளில் அதற்கான தனி அமைப்புகள் இருக்கும். வீட்டுப் பயனருக்கு அவை பயன்படா. 6 முதல் 8 உண்மையான ஃபேஸ், திருகால் இறுக்கிய ஹீட்சிங்க், 8 முனை இணைப்பான், ஆஃப்செட் முறையும் படிப்படியான லோட்-லைனும் உள்ள பயாஸ் இருந்தால், நடுத்தரப் பலகையே 2500கேயின் எல்லைவரை கூட வரும்.

பயன்படுத்திய பலகைக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. இந்த வகைச் சாக்கெட்டில் ஊசிகள் செயலியில் இல்லை, பலகையில் இருக்கின்றன: 1155 மெல்லிய வளைந்த ஊசிகள். ஒன்று சாய்ந்திருந்தாலும் ஒரு நினைவகத் தடம் முழுவதும் காணாமல் போகலாம். மின்சார ஊசியாக இருந்தால் சாதாரண வேகத்தில் எதுவும் தெரியாமல், சுமையேறும்போது மட்டும் அருகிலுள்ள ஊசிகள் கூடுதல் மின்னோட்டத்தைச் சுமந்து சூடாகும். சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த சாக்கெட்டின் தெளிவான படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பலகை வந்ததும் முதலில் எல்லா ராம் துளைகளையும் எல்லா சாட்டா முனைகளையும் சாதாரண வேகத்திலேயே சோதிக்க வேண்டும். பிறகுதான் பெருக்கெண்ணைத் தொட வேண்டும். சுமைச் சோதனைக்குப் பிரைம்95 போன்றவற்றை ஓட்டும்போது விண்டோஸ் 7 வைத்திருப்பவர் சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் செயலியின் ஏவிஎக்ஸ் பகுதி இயங்காது. உண்மையான உச்சச் சுமை வராது. தேறிவிட்டது என்ற தவறான நம்பிக்கைதான் வரும்.

வலுவான மறுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது: இத்தனை பாடுபட்டு பழைய செயலிக்குப் பலகை தேடுவதைவிட எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிடலாமே? 2022இல் வந்த கோர் ஐ3-12100, நான்கே கோர்கள் கொண்டது, அடிப்படைத் திறன் 60 வாட். எந்த ஓவர்கிளாக்கிங்கும் இல்லாமல் 4.5 கிகாஹெர்ட்ஸ் 2500கேயை அது தெளிவாக முந்துகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11இன் அதிகாரப்பூர்வ ஆதரவுப் பட்டியலில் சாண்டி பிரிட்ஜ் இல்லை. 2013இல் ஹாஸ்வெல்லோடு வந்த ஏவிஎக்ஸ்2 கட்டளைகளும் இதில் கிடையா; அவற்றைக் கட்டாயமாகக் கேட்கும் விளையாட்டுகள் திறக்கவே மறுக்கும். இந்த மறுப்பை நான் பெரும்பகுதி ஏற்கிறேன். இன்றைய விளையாட்டுகளுக்காகவோ வீடியோ தொகுப்புக்காகவோ என்றால் மாற்று மதர்போர்டில் போடும் பணம் வீண். ஆனால் புதிய தொகுதிக்குப் பலகையோடு செயலியும் நினைவகமும் வாங்க வேண்டும். பழையதற்குப் பலகை மட்டும் போதும். லினக்ஸிலோ பழைய மென்பொருளிலோ வேலை முடிகிறது, டிடிஆர்3 நினைவகமும் கூலரும் கையில் இருக்கின்றன, பலகையின் விலை புதிய தொகுதியின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை என்றால் வாங்கலாம். அதைத் தாண்டினால் விற்பவர் 2500கேயின் பழைய புகழுக்கும் சேர்த்து விலை கேட்கிறார். இசட்77 பலகைகளில் இது அடிக்கடி நடக்கிறது. அந்த நேரத்தில் பூட்டுள்ள ஒரு எச்61 பலகையை மலிவாக வாங்கி, செயலியை 3.3 கிகாஹெர்ட்ஸிலேயே ஓடவிட்டு, மிச்சப் பணத்தில் ஒரு எஸ்எஸ்டி போட்டால், அன்றாட வேலையில் 4.5 கிகாஹெர்ட்ஸ் தருவதைவிட அதிக வேகம் கண்ணுக்குத் தெரியும்.